கத்தியோட வா

ஆகஸ்ட் 9

தடியா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். நலமாக இருக்க நினைக்கிறவன் செய்கிற காரியமா நீ செய்தது?

தலையில் தையல் போட்ட இடம் அரிக்கிறது. இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. நான் சாட்சியாம், வழக்கு முடியும்வரை உன்னை வந்து பார்க்கக் கூடாதாம். கடிதம் எழுதலாம் என்று இன்ஸ்பெக்டர் பெரிய மனசு பண்ணிச் சொன்னார். அதனால் உட்கார்ந்து உன்னைத் திட்டப் போகிறேன்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் தேர்வு முடிவை ஒட்டினார்கள். ஒதுக்கீட்டில் சேர்ந்த நாங்கள் பதினொரு பேரும் தேறியிருந்தோம். ஒரு டாக்டர்கூட உருவாகாத தெருக்களின் பிள்ளைகளுக்கு என்று கல்லூரி இந்த இடங்களை ஒதுக்கிய நாளிலிருந்து எங்களுக்கு இங்கே 'இலவசம்' என்று பெயர். "ஏய் இலவசம், அந்தப் பக்கம் உட்காரு" என்பார்கள். இலவசங்கள் தேறிவிட்டன, அவர்கள் ஆட்களில் சிலர் தேறவில்லை. காரணம் அவ்வளவுதான்.

மற்ற விடுதிகளில் எங்களைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள் அல்லவா, அதனால் பழைய ஆய்வுக்கூடத்தைத் தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜாடிகளில் மிதக்கும் கை கால்களுக்கு நடுவேதான் எங்கள் கட்டில்கள். அதன் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவன் நெட்டை. கடைசி வருடம் படிப்பவன், நாளைய பெரிய சர்ஜன் என்று பேராசிரியர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவன். மெத்தை, புத்தகம், எங்கள் உள்ளாடை வரைக்கும் முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். என் அறைத்தோழி கண்ணாடிக்காரியை உனக்குத் தெரியும், கல்குவாரிப் பக்கத்துப் பெண். புத்தகத்தை விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் அவள் முகத்திலேயே குத்தினான். கண்ணாடி உடைந்து வலது கண்ணுக்குள் இறங்கியது.

நான் குளியலறைக்குள் ஓடி உனக்கு போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன். வெளியே வந்ததும் நெட்டை என் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தீயைப் பார்த்து இழுத்தான். "எரியறதைக் கிட்டப் போய்ப் பாரு" என்றான். மண்டை படிக்கட்டில் மோதியது. அதோடு சரி. கண் விழித்தபோது நான் கட்டிலில் கிடந்தேன், நீ போலீஸ் வண்டியில் போயிருந்தாய், நெட்டையின் வலது கை ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது.

நான் அனுப்பிய செய்தி என்ன? "கத்தியோட வா." மாடறுத்துப் பிழைக்கிற நம் அறுப்புக்கூடத் தெருவில் அதற்கு என்னடா அர்த்தம்? கத்தியைக் கீழே வைக்கக்கூட நேரம் எடுக்காதே, நிற்கிற நிலையில் கிளம்பு என்று அர்த்தம். அத்தைக்குப் பிரசவ வலி எடுத்தபோது மாமாவுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். சோறு ஆறுகிறது என்றால் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். யாராவது கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்களா? நீ மட்டும் நிஜமாகவே எடுத்து வந்தாய். வெட்டியும் விட்டாய்.

இப்போது அந்தக் குரல் போலீஸிடமும் இருக்கிறது, கல்லூரி விசாரணைக் கமிட்டியிடமும் இருக்கிறது. நான் ஆள் வைத்து வெட்டினேன் என்று முடிவானால் என் இடம் போய்விடும். என்னோடு ஒதுக்கீடே போய்விடும் என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள். உன் மூளையை எங்கேடா அடகு வைத்தாய்?

அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கும், இதைப் பிரித்துப் படிக்கும் வார்டர் ஐயாவுக்கும் வணக்கம்.

ஐயா, எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும். படிக்கப் போவது டாக்டர்.

அக்கா, கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். குளிக்கிற இடத்தில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாவது ஆள் என் வலது கையைத் தரையில் வைத்து மேலே ஏறி நின்றான். "கைக்குக் கை" என்றான். இரண்டு விரல் உடைந்தது. நெட்டையின் அப்பா ஏற்பாடு என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? ஏறி நின்றவன் ரசீது தரவில்லை.

இங்கே முதல் கேள்வி என்ன கேஸ் என்பதுதான். டாக்டர் கையை வெட்டினேன் என்று சொன்னேன். டாக்டர்களிடம் பட்டவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. ஒருவர் தன் போர்வையைக் கொடுத்துவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில்: எடுத்து வந்தேன், வெட்டினேன், அவ்வளவுதான். கமிட்டியில் கேட்டால் 'அது எங்கள் தெருப் பேச்சு, அந்த முரட்டுப் பயல் தப்பாக எடுத்துக்கொண்டான்' என்று சொல்லிவிடு. என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்று. முதுகு அகலம்தான்.

வக்கீலம்மா வேறு மாதிரி சொல்லச் சொல்வார். கேட்காதே.

உன் தம்பி

செப்டம்பர் 2

தம்பி,

விரல் உடைந்ததைச் சிரிப்பாக எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தாயா? எந்த இரண்டு விரல்? கட்டுப் போட்டார்களா, இல்லை துணியைச் சுற்றி விட்டார்களா? அதை எழுது முதலில்.

நீ சொன்னது சரி, வக்கீலம்மா வந்தார். "நீ பயந்துபோய் அவனைக் கூப்பிட்டதா கோர்ட்ல சொல்லு. உன்னைக் காப்பாத்தத்தான் வெட்டினான்னு ஆகும், தண்டனை குறையும்" என்றார். அதையே கமிட்டியில் சொன்னால் கத்தியோடு ஆளைக் கூப்பிட்டவள் நான் என்று ஆகிவிடும். கோர்ட்டில் உன்னைக் காப்பாற்றுகிற வார்த்தை கல்லூரியில் என் கழுத்தை அறுக்கும். இதற்கு நடுவில் நான் எங்கே நிற்பது?

கமிட்டி நேற்று கூடியது. அத்தையைச் சாட்சியாகக் கூட்டிப் போனேன். தலைவர் கேலியாக, "எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்கன்னா, அதை நாங்க எப்படி நம்பறது?" என்று கேட்டார். அத்தை போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். "கத்தியோட வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். மாமா கல்லூரிக்கு எதிரில் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். பாதி முகத்தில் நுரை, கழுத்தில் சலூன்காரரின் துண்டு, அப்படியே காவலாளியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து நின்றார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். தலைவர், "கத்தி எங்கே?" என்றார். மாமா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்ன கத்தி?" என்றார்.

ஒருவர் சிரித்தே விட்டார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப உங்க தெருவுல அதைக் கேட்டா எல்லாரும் வெறுங்கையோட வருவாங்க. உன் தம்பி மட்டும் ஏன் கத்தியோட வந்தான்?" என்றார்.

மாமா நுரையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அது அவனோட தப்பு. அவனுக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாது." அதை டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். கோர்ட்டுக்கும் ஒரு நகல் போகிறதாம்.

நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். இருந்தாலும் வெளியே வந்ததும் அத்தை முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். இனிமேல் என்மேல் ஏற்று, முதுகு அகலம் என்றெல்லாம் எழுதாதே. எங்களுக்கு இடம் கொடுத்ததாகச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இந்தக் கல்லூரியில் போதுமான அளவு இருக்கிறார்கள். நீயும் சேர்ந்துகொண்டு எனக்குத் தானம் கொடுக்காதே.

அக்கா

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

மோதிர விரலும் சுண்டு விரலும். குச்சி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கமிட்டியில் நன்றாகச் சொன்னாய். மாமா நுரையோடு நின்றதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் படுத்திருந்தவன் மறை கழன்றுவிட்டதா என்று கேட்டான்.

நேற்று இங்கே ஒருவன் இன்னொருவனின் தாடையைச் சாப்பாட்டுத் தட்டால் உடைத்தான். பல் என் தட்டில் வந்து விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். பழகிவிட்டது. படிப்பை விடாதே. வேறு ஒன்றும் இல்லை.

தம்பி

செப்டம்பர் 20

தம்பி,

இந்தக் கடிதம் வக்கீலம்மா பையில் வருகிறது. அவர் கொண்டு வருவதை வார்டர் பிரிக்க முடியாதாம். பதிலையும் அவரிடமே கொடு. இந்தத் தடவை ஒழுங்காக எழுது. நான்கு வரியில் என்னை ஏமாற்றாதே.

வகுப்பில் இன்று என்ன நடந்தது தெரியுமா? அனாட்டமிப் பேராசிரியர் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு படம் போட்டார். நெட்டையின் மணிக்கட்டு. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படம், திறந்த காயம். வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. "இலவசத்துக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். எழுந்து நில்லு. என்னென்ன அறுந்திருக்குன்னு வரிசையாச் சொல்லு" என்றார். பின்வரிசையில் இருந்து யாரோ பேனாவை எறிந்தான், கழுத்தில் பட்டது.

நான் சொன்னேன். விரல்களை மடக்கும் தசைநாண்கள், அவற்றின் நடுவில் ஓடும் நரம்பு, எல்லாம் அறுந்திருக்கின்றன. அந்தக் கை இனிமேல் ஊசிகூடப் பிடிக்காது. சொல்லச் சொல்ல அவன் என் முடியைச் சுற்றிப் பிடித்த கை அது என்று ஞாபகம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும்?

"பாத்தீங்களா, பக்கத்துல துடிக்கிற ரத்தக்குழாயைத் தொடவே இல்லை. தினமும் சதை அறுக்கிறவன் கை" என்றார் பேராசிரியர். பாராட்டுகிற மாதிரி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். மெல்லிய கோடு. சின்னக் கத்தி, ஸ்கால்பெல். உன் தோலுரிக்கும் கத்தியை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு அப்பாவிடம் அடி வாங்கியவள் நான். உன் கத்தி பட்டிருந்தால் அந்தக் கை தனியாகக் கீழே கிடந்திருக்கும். வக்கீலம்மாவிடம் குற்றப்பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். கைப்பற்றியது ஒரு ஸ்கால்பெல். 'சம்பவ இடத்தில் எடுத்தது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

உன்னிடம் உன் கத்தி இருந்தால் நீ எதற்கு ஸ்கால்பெல்லைத் தேடி எடுத்தாய்?

யார் வெட்டியது?

அக்கா

செப்டம்பர் 27

அக்கா,

நான் கத்தி கொண்டு வரவில்லை.

தோலுரித்துக்கொண்டிருந்தேன். உன் செய்தியைக் கேட்டேன். கத்தியை மேசையில் வைத்தேன், வண்டியை எடுத்தேன். கை கழுவவில்லை, ரப்பர் அங்கியைக் கழற்றவில்லை. உடம்பெல்லாம் ரத்தத்தோடு உள்ளே வந்தான் என்று அத்தனை பேரும் சாட்சி சொல்கிறார்களே, அது மாட்டு ரத்தம். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

முற்றத்துக்குள் நான் ஓடி வரும்போது அவன் உன்னைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தான். உன் தாவணி ஓரம் பற்றியிருந்தது. உனக்கு நினைவே இல்லை. நான் உன்னிடம் வந்து சேர இன்னும் ஆறேழு அடி இருந்தது. எனக்கு முன்னால் கண்ணாடிக்காரி போய்விட்டாள். முகத்தில் பாதி ரத்தம். சத்தமே போடவில்லை. அவன் மணிக்கட்டில் ஒரே இழுப்பு. கை தானாகத் திறந்துகொண்டது, உன் தலை கீழே விழுந்தது. நான் உன்மேல் விழுந்து தீயை அணைத்தேன். அவ்வளவு சுத்தமான வெட்டை எங்கள் அறுப்புக்கூடத்தில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

காவலாளிகள் வரும் சத்தம் கேட்டது. அவள் அந்தச் சின்னக் கத்தியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். "குடு" என்றேன். கொடுத்துவிட்டாள். பிறகுதான் மயங்கி விழுந்தாள்.

நெட்டை பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஆனால் போலீஸிடம் என்னைத்தான் காட்டினான். ஒரு கண் போன இலவசம் தன் கையை முடித்துவிட்டது என்று எப்படிச் சொல்வான்? கசாப்புக்காரன் வெட்டினான் என்றால் அவனுக்கும் மரியாதை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒதுக்கீட்டில் வந்த பெண் சீனியர் கையை வெட்டினாள் என்றால் மறுநாளே பதினொரு இடத்தையும் மூடிவிடுவார்கள். நான் வெட்டினேன் என்றால் யாருக்கும் ஆச்சரியமே இருக்காது. இருந்ததா? எங்கே இருந்து கத்தி எடுத்தாய் என்றுகூட இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. போன கடிதம் வரைக்கும் நீயும் கேட்கவில்லை.

அதுதான் அக்கா எனக்குத் தாங்கவில்லை. கத்தியோட வா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஒரு பக்கம் விளக்கி எழுதினாய். அத்தை பிரசவம், அப்பா சோறு, எல்லாம் எழுதினாய். அர்த்தம் உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் உனக்குத் தோன்றவில்லை. அங்கே போய் ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் நீயும் அவர்கள் காதால் கேட்க ஆரம்பித்துவிட்டாய். விரலை உடைத்தபோதுகூட நான் அழவில்லை. கமிட்டியில் நீ சொன்னதைப் படித்துவிட்டு அழுதேன். நான்தான் சொல்லச் சொன்னேன், அது வேறு.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காதே. என் முடிவு முடிவுதான்.

தம்பி

அக்டோபர் 4

தம்பி,

மன்னிப்புக் கேட்டு எழுதி எழுதிக் கிழித்தாயிற்று. எதை எழுதினாலும் பரீட்சைப் பதில் மாதிரி இருக்கிறது. அதை உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அது வரைக்கும் நான் உன் கடனாளி என்றே வைத்துக்கொள்.

ஆனால் உன் பேச்சை நான் கேட்கவில்லை.

கண்ணாடிக்காரி இப்போது ஒரு கண்ணோடு படிக்கிறாள். மற்றதை எடுத்துவிட்டார்கள். குழியில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. நான் அவள் முன்னால் உன் கடிதத்தைப் போட்டேன். படித்தாள். "அவர் கேட்டாரு, நான் குடுத்துட்டேன். முழிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரே ஒத்துக்கிட்டார்னு சொன்னாங்க. மத்த ஒன்பது பேரும் என் கட்டிலைச் சுத்தி நின்னு, வாயைத் திறக்காதேன்னு சொன்னாங்க" என்றாள்.

நான் அவளை அறைந்தேன். கண் இல்லாத பக்கம் அறைந்தேன், அவளுக்கு அடி வருவதே தெரியவில்லை. பிறகு அவள் என்னை அறைந்தாள். கட்டிலில் இருந்து உருண்டு ஜாடி அலமாரியில் மோதினோம். ஒரு ஜாடி உடைந்து, உள்ளே இருந்த முன்கை எங்கள் நடுவில் வந்து கிடந்தது. மருந்து நெடியில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. இருமி இருமித்தான் சண்டை நின்றது.

அந்த முன்கையை எடுத்து எனக்குக் காட்டினாள். மணிக்கட்டு முழுக்க அறுத்து அறுத்துப் பழகிய கோடுகள். உனக்குத் தெரியாது, டிசெக்ஷன் ஹாலில் எங்களைக் கத்தி பிடிக்க விடுவதே இல்லை. பிணத்தின் காலைப் பிடித்துக்கொள்வதும் வாளி எடுத்து வருவதும்தான் எங்கள் வேலை. அதனால் அவள் ராத்திரி எல்லாம் இந்த ஜாடிக் கைகளில் பழகியிருக்கிறாள். அவள் படிக்கிறாள் என்று நினைத்து, வெளிச்சம் கண்ணில் படாமல் நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேனே, அது இந்த விளக்குதான்.

கோர்ட்டில் அவளே வந்து சொல்லப் போகிறாள். அவளால் ஒதுக்கீடு போனால் என்ன செய்வது என்று மற்றவர்கள் அழுகிறார்கள். நான் யார் பக்கம் என்று கேட்டார்கள். நான் தடுக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். இதற்கு நீ என்னைத் திட்டு, பரவாயில்லை.

அக்கா

நவம்பர் 12

அக்கா,

ஏழு வருடத் தண்டனை. கோர்ட்டில் நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். ஆனாலும் கூண்டுக்குள் இருந்து கேட்டவனுக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அவள் ஏறி நின்றதும் எதிர்த் தரப்பு வக்கீல் பேர்கூடக் கேட்கவில்லை. "கல்லூரியில எந்த இடத்துல சேர்ந்தே?" என்றுதான் ஆரம்பித்தார். "பொணத்துக்குக் கால்மாட்டுல. அங்கதான் எங்களை நிறுத்துவாங்க" என்றாள். நான் கைதட்டப் போய் காவலரிடம் முதுகில் ஒரு குத்து வாங்கினேன்.

வெட்டினது நான்தான், இப்படித்தான் வெட்டினேன் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் கேட்டார்கள். "அந்தப் பொண்ணா? அதுக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது சார்" என்றான். அப்புறம் உங்கள் பேராசிரியர் வந்தார். அவர் பொய் சொல்லவில்லை அக்கா, அதுதான் கொடுமை. மனசார நம்பிச் சொன்னார். "இந்த மாணவி கடைசி மார்க்கில் தேறியவள். என் ஹாலில் ஒரு தடவைகூட இவள் வெட்டி நான் பார்த்ததில்லை. இந்த வெட்டு இவளால் முடியவே முடியாது. தோழியின் தம்பி என்ற பாசத்தில் பழியை ஏற்கிறாள்" என்றார். நீதிபதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பொய்சாட்சி என்று வழக்குப் போடாமல் விடுகிறேன், போய்ப் படி என்றார்.

"நான்தான் வெட்டினேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் கத்தினாள். இரண்டு காவலர் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். கண்கட்டு அவிழ்ந்து அந்தக் குழி தெரிந்தது. நீதிபதி எழுந்து போய்விட்டார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. இடங்கள் பிழைத்துவிட்டன. உங்களுக்குக் கத்தி பிடிக்கவே வராது என்று அவர்கள் நம்புவதால் பிழைத்துவிட்டன. இதற்காகவா நான் உள்ளே இருக்கிறேன்? என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

மேல்முறையீட்டில் பேராசிரியர் சாட்சியை மாற்றினால் உண்டு, இல்லை என்றால் இல்லை என்கிறார் வக்கீலம்மா. அவர் எதற்கு மாற்றப் போகிறார்? விட்டுவிடு. படி.

தம்பி

நவம்பர் 19

தம்பி,

தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

இன்று காலை டிசெக்ஷன் ஹாலுக்குப் பதினொரு பேரும் சேர்ந்து போனோம். கால்மாட்டுக்குப் போகவில்லை. நேராகப் பிணத்தின் வலது கைப்பக்கம் போய் நின்றோம். அந்த மேசைக்காரர்கள் தள்ளினார்கள், நாங்களும் தள்ளினோம். ஒருவன் என் கையை முதுகுப்பக்கம் முறுக்கினான். நான் அவன் காலை மிதித்த மிதியில் அவன் வாளியோடு கீழே போனான். குவாரிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கதவை முதுகால் சாத்திக்கொண்டார்கள். அழுதவர்கள்தான் அவர்கள், உனக்கு எழுதினேனே.

பேராசிரியர், "என்ன இது?" என்று கத்திக்கொண்டே வந்தார். கண்ணாடிக்காரி மேசையில் இருந்த ஸ்கால்பெல்லை எடுத்தாள். ஹாலில் அத்தனை பேரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். "முடியாதுன்னு சொன்னீங்களே சார். பக்கத்துல வந்து பாருங்க" என்றாள். ஒரு கண்ணால் தூரம் சரியாகத் தெரியாது அவளுக்கு. இடது கை விரலால் தடவி இடத்தைக் கண்டுபிடித்தாள். ஒரே இழுப்பு.

அவர் குனிந்து பார்த்தார். மடக்கும் தசைநாண்கள் எல்லாம் அறுந்திருந்தன, நடுநரம்பு அறுந்திருந்தது. பக்கத்து ரத்தக்குழாய் தொடப்படாமல் அப்படியே கிடந்தது. திரையில் எங்களுக்குப் போட்டுக் காட்டினாரே, அதே வெட்டு. அவருக்கு அதை அடையாளம் தெரியாமல் போகுமா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி குனிந்தார். அந்த வெட்டின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் தன் அறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்.

அவளை உள்ளே தள்ளவா இத்தனை பாடு என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். "தீக்குள்ள இழுத்தவன் கையை வெட்டினேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். வெட்டு என் பேர்ல இருக்கணும்" என்றாள். எங்கள் இடங்கள் போகுமா என்று தெரியாது. ஆனால் எங்களால் முடியாது என்று காரணம் சொல்லி இனி எந்தக் கமிட்டியும் அவற்றை எடுக்க முடியாது.

சாட்சியை மாற்றுகிற தாளை வக்கீலம்மா தயாராக எழுதிக் கொடுத்திருக்கிறார், பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டியதுதான். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டோம். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. காவலாளிகள் இரண்டு தடவை வந்து எங்களை இழுத்துப் பார்த்தார்கள். ஒருத்தியின் சட்டை கிழிந்தது, எனக்கு உதடு கிழிந்தது, ஆனால் ஒருவரை ஒருவர் கோத்துக்கொண்டு அவர் வாசலை அடைத்து உட்கார்ந்திருக்கிறோம், பெயர்க்க முடியவில்லை. போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். வரட்டும்.

அவர் அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்து வெகு நேரம் ஆகிவிட்டது. அவருக்கும் பசிக்கும்.

அக்கா